அலாரம் அடித்தால் வருகிறவர்

சைரன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. நிபியா லாரோசாவின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை மாவு.

"நிறுத்து சனியனே, நிறுத்து!" என்று சுவரில் இருந்த எண் பலகையைத் திட்டிக்கொண்டே, மூக்கு நுனியால் ரகசிய எண்ணை அழுத்தப் பார்த்தாள். அவளுடைய மூக்குக்கு அந்தப் பொத்தான்கள் ரொம்பச் சின்னவை. ஏழாம் எண்ணை அழுத்தினால் எட்டும் சேர்ந்து அழுந்தியது. அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. மழை பிடித்துக்கொண்டதே, சூடாக நாலு தோர்த்தா ரொட்டி பொரித்துச் சாப்பிடலாம் என்று ஆசைப்பட்டதற்கு இந்தத் தண்டனை.

கடைசியில் முழங்கையால் ஒரு குத்து விட்டாள். சைரன் விக்கி நின்றது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம். எபெர் இஃப்ரான்! அலாரம் கம்பெனியின் ரோந்துக்காரர். கனத்த உடம்பு, மழைக் கோட்டு, மீசையிலிருந்து சொட்டும் தண்ணீர்.

"சென்டர்லேருந்து அனுப்பினாங்க, செனோரா. எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருந்தா அது ஏன் இப்படி ஊளையிடுது? உள்ள வாங்க, நனையறீங்க."

எபெர் நகரவில்லை. "முதல்ல ரகசிய வார்த்தை."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும். ஆனா கதவுக்குப் பின்னாடி ஒரு திருடன் கத்தியோட நின்னுக்கிட்டு, 'எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி அனுப்பு'ன்னு உங்களை மிரட்டிக்கிட்டு இருக்கலாம் இல்லியா? விதின்னா விதிதான்."

நிபியா தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள். குரலைத் தாழ்த்தி, "கத்தரிக்காய்" என்றாள்.

"மழைல கேக்கல, செனோரா."

"கத்தரிக்காய்!" என்று அவள் கத்தியது சயாகோ ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும்.

எபெர் திருப்தியாகக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

கணவர் ஓமர் இறந்த வருஷம், "நீ தனியா இருக்கே" என்று மகள் மைத்தே பிடிவாதமாக மாட்டிவைத்த அலாரம் அது. ரகசிய வார்த்தை என்ன வேண்டும் என்று மாட்டவந்தவன் திடீரென்று கேட்டபோது, நிபியாவின் கையில் ஒரு கத்தரிக்காய் இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அலாரம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஜன்னலை மூட மறந்து காற்றில் திரை ஆடினால், அடிக்கும். எபெர் வருவார், கத்தரிக்காயைக் கேட்டுக்கொண்டு போவார்.

அதே மைத்தேதான் இப்போது பார்சலோனாவிலிருந்துகொண்டு, "முகத்தைப் பாத்துப் பேசணும்மா" என்று வீட்டுக்கு இன்டர்நெட் போட்டுக் கொடுத்தாள். நேற்றுத்தான் ஒருவன் வந்து சுவரில் என்னென்னவோ பிடுங்கி, என்னென்னவோ செருகி, விளக்குகள் மினுக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டு, "உலகமே இனி இதுக்குள்ளதான்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். உலகம் வந்த மறுநாளே அலாரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

எபெர் அலமாரிக்குள் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். சமையலறைக்கு வந்து, புகையும் எண்ணெயைப் பார்த்து அடுப்பை அணைத்தார்.

"திருடன் இல்ல. ஆனா இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா தீயணைப்புக்காரங்க வந்திருப்பாங்க."

"ஒரு தோர்த்தா சாப்பிட்டுட்டுப் போங்களேன்."

"வேலை நேரத்துல சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கு, செனோரா" என்று சொல்லிக்கொண்டே எபெர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நிபியா முப்பது வருஷத்துக்கு மேல் மருந்துக் கடையில் நின்றவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். ஆனால் அந்த வெள்ளைப் பெட்டியின் விளக்குகள் என்ன சொல்கின்றன என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. இன்டர்நெட் கம்பெனிக்குக் கைபேசியில் கூப்பிட்டாள். ஒரு இயந்திரப் பெண் அதை அழுத்து, இதை அழுத்து என்று வெகு நேரம் அலைக்கழித்த பிறகு, கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு பையன் வந்தான்.

"வைஃபை அலையும் அலாரம் அலையும் மோதுது, செனோரா. பெட்டியை எட்டத் தள்ளி வைங்க."

பெட்டியின் கம்பி நீண்ட திசையில் இருந்தது குளியலறை மட்டும்தான். நிபியா அதைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அலாரம் அடங்கியது. ஆனால் இன்டர்நெட் குளியலறைக் கதவைத் தாண்ட மறுத்துவிட்டது.

"அம்மா, ஏன் பாத்ரூம்ல உக்காந்துருக்கே? உடம்பு சரியில்லியா?" என்றாள் மைத்தே, கைபேசித் திரையில்.

"உடம்புக்கு என்ன? இங்கதான் ஐரோப்பா தெளிவாத் தெரியுது."

"பின்னாடி உன் உள்பாவாடை தொங்குது."

"உன்னைப் பெத்தவ உள்பாவாடைதானே, தொங்கட்டும்."

பேத்தி வரைந்த படத்தை மைத்தே காட்டப் போன நேரத்தில் சைரன் மறுபடி வீறிட்டது. கைபேசியை இயந்திரத்தின் மேலேயே போட்டுவிட்டு நிபியா ஓடினாள்.

பார்சலோனாவில் மைத்தேவுக்குத் தெரிந்ததெல்லாம் குளியலறைக் கூரை மட்டும். கேட்டது வேறு. முதலில் சைரன். பிறகு தடதடவென்று ஓட்டம். பிறகு ஒரு தடித்த ஆண் குரல்: "சொல்லுங்க செனோரா! சொன்னாத்தான் ஆச்சு!" அதற்கு அம்மாவின் அலறல்: "கத்தரிக்காய்! கத்தரிக்காய்!" பிறகு, "படுக்கையறை எந்தப் பக்கம்?" என்று அதே ஆண் குரல். அப்புறம் அமைதி.

மகள் சும்மா இருப்பாளா? எதிர்வீட்டு வால்தேமர் குவேயோவுக்குக் கடல் தாண்டிப் போன் போட்டாள். வால்தேமர் அந்தக் காலத்தில் மின்சாரப் பேருந்துகளைப் பழுது பார்த்தவர். இப்போது பழுது பார்க்க ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருப்பவர். இறைச்சி சுடும் கம்பியை எடுத்துக்கொண்டு, முன்வாசல் திறந்திருந்தும் அதைச் சட்டை செய்யாமல், சந்து வழியாகச் சுற்றி வந்து பின்சுவர் ஏறிக் குதித்தார்.

படுக்கையறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வால்தேமர் அந்தக் கால்கள் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பிடிச்சிட்டேன்! நிபியா, போலீசைக் கூப்பிடு!"

"யோவ் வால்தேமர், அது எபெர்! எழுந்திரு!"

கட்டிலுக்கு அடியிலிருந்து கம்பீரமாக ஒரு குரல் வந்தது. "ஐயா, நீங்க யாரா இருந்தாலும் சரி. முதல்ல ரகசிய வார்த்தையைச் சொல்லுங்க."

அன்று வால்தேமரின் முழங்காலுக்கும் எபெரின் கணுக்காலுக்கும் நிபியா களிம்பு தடவினாள். மருந்துக் கடைக்காரியின் கை. எபெர் கண்ணை மூடிக்கொண்டு, "வலி போன இடம் தெரியல" என்றார். "எனக்கு இன்னும் வலிக்குது" என்றார் வால்தேமர். அவரை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பொறாமையோ என்னவோ, வால்தேமர் பழுது பார்க்கக் கிளம்பிவிட்டார்.

"அலை மோதுதா? இதெல்லாம் ஒரு விஷயமா? நான் மின்சாரப் பேருந்தையே ஓட வெச்சவன், தள்ளு."

அவர் முதலில் அலாரப் பெட்டியை, சர்க்கரைவள்ளிக் கிழங்கை நெருப்பில் போடுவதற்கு முன் சுற்றுகிற மாதிரி, அலுமினியத் தாளால் சுற்றினார். சைரன் இன்னும் உற்சாகமாக அடித்தது. பிறகு மின்சாரத்தைத் துண்டித்தார். அலாரம் தன் பேட்டரியில் ஓடியது; ஆனால் குளிர்பெட்டி நின்று, ஐஸ்கிரீம் சமையலறையில் ஆறாக ஓடியது. மூன்றாவதாகப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த கம்பிகளை "ஒழுங்குபடுத்தினார்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அப்போதுதான். அவர் ஒழுங்குபடுத்தியதில் சைரனும் வாசல் அழைப்பு மணியும் இடம் மாறிக்கொண்டன. திருடன் வந்தால் 'டிங்-டாங்' என்று இனிமையாக ஒலிக்கும். முட்டைக்காரர் வந்தால் சைரன் அலறும். வேதப் புத்தகம் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் மணியை அழுத்திவிட்டு, 'உலக முடிவு இவ்வளவு சீக்கிரமா?' என்று மிரண்டு, புத்தகங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

எந்தச் சைரனுக்கும் எபெர் தவறாமல் வந்தார். வந்தவர் மரியாதையாக அழைப்பு மணியை அழுத்துவார். மறுபடி சைரன் அடிக்கும்.

"எப்படித்தான் இவ்வளவு வேகமா வர்றீங்க?" என்று நிபியா ஒரு தடவை கேட்டாள்.

"பக்கத்துத் தெருவுலதான் நின்னுக்கிட்டு இருந்தேன், செனோரா."

அவர் எப்போதும் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். நிபியாவுக்குக் கம்பெனி மேல் மதிப்பு கூடியது. முன்பெல்லாம் அலாரம் அடித்தால் சென்டரிலிருந்து முதலில் போன் வரும். நாலு கேள்வி கேட்பார்கள். அதன் பிறகுதான் ஆடி அசைந்து ஆள் வரும். இப்போது கேள்வியும் இல்லை, போனும் இல்லை, ஆளே வந்து நிற்கிறார். காசு வாங்கினால் இப்படியல்லவா வேலை செய்ய வேண்டும்!

வந்தவர் வெறுங்கையோடு வருவதையும் விட்டுவிட்டார். ஒரு நாள் பேக்கரியிலிருந்து சூடான பிஸ்கோச்சோ. ஒரு நாள் சொட்டுகிற குழாய்க்கு வாஷர். கட்டிலுக்கு அடியில் பார்ப்பார், அலமாரியில் பார்ப்பார், பிறகு சமையலறையில் உட்கார்ந்து மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளையை மாற்றி மாற்றி உறிஞ்சியபடி இருவரும் பேசுவார்கள். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதும், கண்டிப்பான அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் என்பதும், பயங்கரப் படம் பார்த்தால் தூக்கம் வராது என்பதும் அப்படித்தான் வெளியே வந்தன.

"திருடனைப் பிடிக்கிறவருக்குப் படம் பாத்துப் பயமா?"

"இத்தனை வருஷத்துல ஒரு திருடனைக்கூட நான் நேர்ல பாத்ததில்ல. கும்பிடாத சாமி இல்ல, பாத்துடக் கூடாதேன்னு."

நிபியா அன்று சிரித்த சிரிப்பில் மாத்தே புரையேறியது. ஓமர் போன பிறகு அந்தச் சமையலறையில் அவ்வளவு சத்தமாக யாரும் சிரித்ததில்லை என்று பிறகு பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொண்டாள். இரண்டு நாள் சைரன் அடிக்காமல் இருந்தால் அவளுக்கு வீடு என்னவோபோல் இருந்தது. மூன்றாம் நாள் அடித்தபோது எண் பலகைக்கு ஓடாமல், முதலில் கண்ணாடிக்கு முன்னால் போய்த் தலையை வாரிக்கொண்டாள். அதை அவள் தனக்குத் தானே ஒப்புக்கொள்ளவில்லை. தலை கலைந்திருந்தது, வாரினேன், அவ்வளவுதான்.

ஆனால் தெரு பொறுக்கவில்லை. "நிபியா, எங்க வீட்டு நாய்க்குச் சாப்பாடு இறங்கல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பார்சலோனாவும் பொறுக்கவில்லை.

"போதும்மா. நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள் மைத்தே. "அடுத்த வாரம் வர்றேன். வீட்டை வித்துடலாம். நீ என்கூட வந்துடு."

"எங்க?"

"இங்கதான். ஆறாவது மாடி. திருடனும் வரமாட்டான், அலாரமும் வேணாம். இன்டர்நெட் எல்லா ரூம்லயும் வரும். அந்த வீட்டை இனிமே உன்னால தனியாக் கட்டி மேய்க்க முடியாது. வால்தேமர் சுவர் ஏறிக் குதிக்கிற அளவுக்குப் போயிருக்கு!"

"எலுமிச்சை மரம் இப்பத்தான் பூத்திருக்கு, மைத்தே."

"மரத்துக்காகவா அங்க உக்காந்துருப்பே?"

நிபியா கைபேசியை அணைத்துவைத்தாள். குளியல் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். மரத்துக்காகத்தானா என்று மகள் கேட்டது சரியான கேள்விதான். பதில் ஒன்று வாய் வரை வந்தது. அதற்கு மீசை இருந்தது. சட்டென்று எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மைத்தே வந்து இறங்குவதற்குள் அலாரம் ஒழுங்காகிவிட வேண்டும். ஒழுங்காகிவிட்டால் வீட்டை விற்கக் காரணம் இல்லை. ஆனால் ஒழுங்காகிவிட்டால் எபெர் வரவும் காரணம் இல்லை. இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் உதைத்தது.

மறுநாள் எபெர் வந்தபோது மெல்லக் கேட்டாள். "இத்தனை தடவை வர்றீங்களே, சென்டர்ல உங்களைத் திட்ட மாட்டாங்களா?"

எபெருக்குத் திடீரென்று இருமல் வந்தது. "அதை நான் பாத்துக்கறேன்."

"நான் வேணா போன் பண்ணி, எல்லாம் என் வீட்டு அலாரத்தோட தப்புன்னு சொல்லட்டுமா?"

"வேணாம்! வேணாம், நிபியா." அவர் முதல் முறையாக 'செனோரா'வை மறந்தார். "அவங்களுக்கு ஏகப்பட்ட வேலை. பாவம், தொந்தரவு பண்ணாதீங்க."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நிபியா உருகிப்போனாள். தன்னால் வேலைக்கு ஆபத்து வந்தாலும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். அதனாலேயே அவர் போனதும் கம்பெனிக்குக் கைபேசியில் கூப்பிட்டு, உடனே பழுது பார்க்க ஆள் வேண்டும் என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் யிசேல் வந்தாள். ஊதா நிறத் தலைமுடி, வாயில் சூயிங்கம், இடுப்பில் கருவிப் பை. வாசல் மணியை அழுத்தப் போனவளை நிபியா ஓடிப்போய்த் தடுத்தாள்.

யிசேல் அலுமினியத் தாளைப் பிரித்தாள். "இது என்ன செனோரா, அடுப்புல வைக்கப் போறீங்களா?"

"எதிர்வீட்டுக்காரர் வேலை."

உள்ளே இருந்த கம்பிகளைப் பார்த்ததும் அவள் சூயிங்கம் மெல்லுவதை நிறுத்தினாள். "இதுவும் அவர்தானா?"

"மின்சாரப் பேருந்து ஓட வெச்சவராம்."

"இதுல ஏறித்தான் எங்கயோ போகப் பாத்திருக்கார்."

யிசேல் தரையில் படுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். நிபியா அவள் தலைமாட்டில் நின்றபடி, ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சை எடுத்தாள்.

"பொண்ணே, ஒரு விஷயம். எங்க வீட்டுக்கு வர்ற எபெர் இஃப்ரான் மேல எந்தக் குத்தமும் இல்ல. நீங்க அனுப்பறீங்க, அவர் வர்றார். மழைன்னு பாக்கல, வெயில்னு பாக்கல. கட்டிலுக்கு அடியில வரைக்கும் பாக்கறார். இங்க ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டார்."

மேசை மேல் நேற்றைய பிஸ்கோச்சோ பை இருந்தது. நிபியா அதன் மேல் ஒரு துண்டைப் போட்டாள்.

"ம்" என்றாள் யிசேல், சுவரோரத்துப் பழைய கம்பி ஒன்றை இழுத்துப் பார்த்தபடி. அதன் முனை அறுபட்டு அந்தரத்தில் தொங்கியது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் அடிக்கடி வெட்டியா அலைய வேண்டியிருக்குன்னு சம்பளத்துல கை வெச்சுடாதீங்க. வேணும்னா என் பேர்ல புகார் எழுதிக்குங்க."

"செனோரா, சைரன் மட்டும் வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துடறேன். காதைப் பொத்திக்குங்க."

சைரன் அடித்தது. நின்றது. பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டு ஓய்ந்தது. யிசேல் கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எபெர் தலைக்கவசம் கோணலாக, மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் ஒரு காகிதப் பையோடு உள்ளே வந்தார்.

"சென்டர்லேருந்து அனுப்பினாங்க, நிபியா. எல்லாம் சரியா..." என்றவர் யிசேலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மீசை வரை சிவந்து போனார்.

நிபியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா பொண்ணே! ஒரு நிமிஷம்கூட ஆகல. உங்க சென்டரைப் போல வருமா?"

யிசேல் அறுந்த கம்பியைப் பார்த்தாள். தன் பூட்ஸ் முனையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எபெரைப் பார்த்தாள். பிறகு சூயிங்கத்தை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"செனோரா, இன்டர்நெட்காரன் சென்டருக்குத் தகவல் அனுப்பற இந்தக் கம்பியை அறுத்துட்டுப் போன அன்னியிலேருந்து உங்க வீட்ல அலாரம் அடிக்கறதே எங்க சென்டருக்குத் தெரியாது, இவரை நாங்க ஒரு தடவைகூட அனுப்பல."